ஓய்வுநாள் பள்ளிக்கும் வாலிபர் சங்கத்துக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகள்

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றில், ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி சபைப் போதகரான ஐயரவாள் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வயது 24. முதல் சில வாரம் பாட்டு, விளையாட்டு என்று கலகலப்பாகப் போயிருக்கிறது. இப்போது பாதிப் பேர் வருவதில்லை, வருகிறவர்களும் பின்வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். இவர்களைப் பிடித்துவைக்க என்ன நிகழ்ச்சி நடத்தலாம் என்பது முதல் கேள்வி. கடைசி வரியில், மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் “யாரிடமும் சொல்லிவிடாதீங்க அண்ணா” என்று உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான், நீங்களும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், அதைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது இந்த இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பிள்ளைகளுக்கு நான் எந்த அளவுக்கு நெருங்கியவனாக இருக்கலாம் என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சபையில் இந்த வயதுப் பிள்ளைகளோடு பல வருடம் இருந்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது வகுப்புக்கு வருகிறார்கள். ஆனால் நான் மனநல மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. அந்த இரண்டு துறையையும் தொடுகிற இடங்களில் ஒரு சபை ஊழியருக்கு அவசியமான அளவு மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் அந்தத் துறைக்காரர்களிடம்தான் போக வேண்டும்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அது காத்திருக்காது. அந்தப் பையன் சொன்னது என்ன என்று நீங்கள் பொதுவில் எழுதவில்லை. அது மிகச் சரி. அவன் சொன்னது கணக்கில் ஃபெயில் ஆனதை வீட்டில் மறைத்தது, ஒரு பெண்பிள்ளையைப் பிடித்திருப்பது, கடவுள் இருக்கிறாரா என்ற சந்தேகம், ஒருமுறை சிகரெட் பிடித்துப் பார்த்தது என்ற வகையாக இருந்தால், அதை உங்களோடு வைத்துக்கொள்ளலாம். அவனே அப்பா அம்மாவிடம் சொல்வதற்குத் துணை நிற்கலாம். ஆனால் யாராவது அவனை அடித்துத் துன்புறுத்துவது, தொடக் கூடாத விதத்தில் தொடுவது, அவன் தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாக நினைப்பது என்று இருந்தால் அந்த வாக்கு உங்களைக் கட்டுப்படுத்தாது. வாக்குக் கொடுத்தபோது அவன் என்ன சொல்லப் போகிறான் என்று உங்களுக்குத் தெரியாது.

பாலியல் துன்புறுத்தல் என்றால் இது மனசாட்சி விஷயம் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கிற 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். அந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்திருப்பது தெரிந்த யாரும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அதே 19-ஆவது பிரிவில் இருக்கிறது. இதில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிற இடம் ஒன்று உண்டு: “ஐயரவாளிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது” என்பது. முடியவில்லை. ஐயரவாளிடம் சொல்லுங்கள், ஆனால் காவல்துறைக்குத் தகவல் போனதா என்று நீங்களும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாற்றமாக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

நீங்கள் செய்யக் கூடாததும் இருக்கிறது. நீங்களே விசாரணையில் இறங்காதீர்கள். அவன் சொன்னதை, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். “ஏன் அப்பவே சொல்லல?” என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், அது பழியை அவன் தலையில் வைக்கிற கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் “உண்மையா?” என்று நிற்காதீர்கள். அப்புறம், ஜெபக் குறிப்பு. “ஒரு தம்பிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்” என்று ஆரம்பித்து, அடுத்த ஞாயிறுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பெயரும் அடையாளமும் ஜெபக் கூட்டத்துக்குக்கூட வரக் கூடாது.

உங்களைத் தடுக்கிறவர்கள் வருவார்கள். நம் சபை விஷயம் வெளியே போகக் கூடாது, அவர்கள் நல்ல குடும்பம், பிள்ளையின் எதிர்காலம் என்னாகும் என்பார்கள். இரண்டாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். தாவீதின் மகள் தாமாரை அவளுடைய மாற்றாந்தாய் மகன் அம்னோன் பலவந்தப்படுத்துகிறான். அதை அறிந்த அவள் உடன்பிறந்த அண்ணன் அப்சலோம், அவன் உன் சகோதரன், நீ பேசாமலிரு என்கிறான். தாவீது ராஜா கோபப்படுகிறான், ஆனால் எதுவும் செய்வதில்லை. அந்த மவுனத்தில் ஒரு வீடே எப்படிச் சிதைந்தது என்பதை வேதாகமம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. சபையின் பெயரைக் காக்க ஒரு பிள்ளையை வாய்மூடவைப்பதற்கு வேதத்தில் எனக்குத் தெரிந்து எந்த ஆதாரமும் இல்லை.

சாக நினைக்கிறேன் என்ற வகையாக இருந்தால் நேரடியாகக் கேளுங்கள்: “செத்துப்போகணும்னு நினைக்கிறியா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?” கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவாகியிருக்கிறது. ஆம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லுங்கள், பெற்றோரால்தான் ஆபத்து என்றால் நம்பகமான வேறு உறவினரிடம். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். அந்த நேரத்தில் தற்கொலை பாவம் என்று போதிக்க ஆரம்பிக்காதீர்கள். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து “போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்” என்ற எலியா தீர்க்கதரிசிக்குக் கடவுள் முதலில் தந்தது அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான். பேச்சு அப்புறம்தான் வந்தது.

மனநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்குகின்றன என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கு ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. பிற்பாடு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று வந்தது. பாதியோ மூன்றில் ஒன்றோ, உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற வயது அது. ஆனால் அதற்காக ஒவ்வொரு முகவாட்டத்தையும் நோயாகப் பார்க்கவும் வேண்டாம். நான் பார்ப்பது மாற்றத்தை. எப்போதும் சத்தம் போடுகிறவன் இரண்டு வாரமாக வாயே திறக்கவில்லை என்றால், வெயில் காலத்தில் ஒரு பிள்ளை முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்றால், தனக்குப் பிடித்த பொருள்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால், அன்று பாடத்தை ஒத்திவைத்துவிட்டு அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள்.

கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப எடுப்பது? அவனிடமே போய்ச் சொல்லுங்கள். “நீ சொன்னதை நான் ஒளித்துவைத்தால் உனக்கு உதவி கிடைக்காது. இன்னாரிடம் சொல்லப் போகிறேன். சொல்லும்போது நீயும் கூட இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை நீ சொல்லு.” அவன் கோபப்படலாம். சில வாரம் பேசாமலும் இருக்கலாம். இருக்கட்டும். இனிமேல் எந்தப் பிள்ளையாவது “யாரிடமும் சொல்லாதீங்க” என்று ஆரம்பித்தால், விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் நான் மறைக்க மாட்டேன், ஆனால் யாரிடம் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியாமல் நடக்காது. இதைக் கேட்டுவிட்டுச் சொல்லாமல் எழுந்து போன பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் கொஞ்ச நாளில் திரும்பி வந்து சொன்னார்கள்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். இந்த வயதுக்கு நம் சபைகளில் இடமே இல்லை. சின்னப்பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில் செய்கைப் பாட்டுப் பாடச் சொன்னால் வெட்கப்படுகிறார்கள். வாலிபர் சங்கத்துக்குப் போனால் அங்கே இருப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணம் பேசிக்கொண்டிருப்பவர்கள். திருவிருந்தில் சேர்வதற்குத் தயார்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்பு வந்தால் சில மாதம் ஐயரவாள் கையில் இருப்பார்கள், பேராயர் தலையில் கைவைத்த மறுவாரம் காணாமல் போவார்கள். ஆகவே அவர்கள் போனைப் பார்ப்பதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்களுக்கென்று எதுவும் இல்லாத இடத்தில் அவர்கள் கையில் இருக்கிற ஒன்று அது.

உடம்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பெண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. அதனால் ஒரே எட்டாம் வகுப்பில் மீசை அரும்பினவனும் இன்னும் சின்னப்பிள்ளை மாதிரி இருப்பவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு பேருக்குமே கூச்சம். குரல் உடைகிற பையனை எழுப்பித் தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். ஒருமுறை சிரிப்பு எழுந்தால் அவன் பாடகர் குழுப் பக்கமே வர மாட்டான். பெண்பிள்ளைகள் திடீரென்று வராமல் போவதற்குப் பக்திக் குறைவைக் காரணமாகச் சொல்வதற்கு முன்னால், ஆலய வளாகத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட ஒரு மூடி போட்ட தொட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கமிட்டியில் இதைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் புதிய ஒலிபெருக்கிக்கு உடனே பணம் ஒதுக்குவார்கள். இதைச் சலிக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

தூக்கமும் அப்படித்தான். 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை. அதே வயதில் உடலின் கடிகாரம் பின்னால் நகர்ந்து, இரவில் தாமதமாகத்தான் தூக்கம் வருகிறது. நம் ஊரிலோ விடியற்காலை 5 மணிக்கு டியூஷன். ஞாயிறு காலை ஆராதனையில் தூங்கி விழுகிறவனை மரியாதை தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம். வாரம் முழுக்கச் சேர்ந்த கடன் அது. முடிந்தால் இந்த வகுப்பை ஞாயிறு மாலைக்கு மாற்றிப் பாருங்கள்.

இந்த வயதில் மூளை வளர்ந்திருக்காது, அதனால் இவர்களால் சரியாக முடிவெடுக்கவே முடியாது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். இதில் பாதிதான் சரி. திட்டமிடுவதற்கும் அடக்கிக்கொள்வதற்குமான மூளைப் பகுதி 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் பதற்றமில்லாமல் உட்காரவைத்துக் கேட்டால் 14 வயதுப் பிள்ளை நன்றாகவே யோசிக்கும். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் துணிச்சல் கூடி நிதானம் குறைகிறது. ஆகவே ஒரு தவறைக் கண்டிக்க வேண்டுமென்றால் கூட்டத்தின் நடுவே வேண்டாம், எல்லோர் கண்ணிலும் படுகிற ஆனால் பேச்சுக் கேட்காத தூரத்தில், வராந்தாவில் நின்று பேசுங்கள்.

நிகழ்ச்சி என்ன நடத்துவது? என் அனுபவத்தில் நிகழ்ச்சி அவ்வளவு முக்கியமில்லை. அதே ஆள், அதே இடம், அதே நேரம், வாரம் தவறாமல் இருந்தால் போதும். ஆறேழு பேருக்கு ஒரு பெரியவர். போன வாரம் அறிவியல் டெஸ்ட் என்றாயே, எப்படிப் போயிற்று என்று பெயர் சொல்லிக் கேட்பது. சாப்பிட ஏதாவது, முறுக்கும் டீயும் போதும். வேதப்பகுதியை அவர்களே உரக்க வாசிக்கட்டும். நீங்கள் பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். விளையாட்டு இருக்கட்டும், ஆனால் புதுப்புது விளையாட்டாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனால் நீங்கள்தான் களைத்துப்போவீர்கள்.

வேலை கொடுங்கள். இதுதான் நான் மிக நம்புகிற ஒன்று. அசனத்தில், அதாவது சபை விருந்தில், பந்தி பரிமாறுவது, ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது, ஒலிபெருக்கிப் பெட்டியைக் கவனிப்பது, டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது எந்தத் தெரு, எந்த வீடு என்று கணக்கு வைப்பது. விளையாட்டுக்கு வராத பையன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக ஓடுவான். பெரியவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். அன்றுதான் அவனுக்கு இது தன் சபை.

அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள். பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் காணப்பட்ட இயேசு போதகர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. யாரும் அவரை அதிகப்பிரசங்கி என்று அதட்டவில்லை. உங்கள் பிள்ளைகள் கேட்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். என் இந்து நண்பன் நரகத்துக்குப் போவானா, டைனோசர் ஏன் பைபிளில் இல்லை, அவ்வளவு ஜெபித்தும் ஆச்சி ஏன் இறந்தார்கள். இதற்கெல்லாம் அவசர பதில் வேண்டாம். எனக்கும் இது கடினமான கேள்விதான், அடுத்த வாரம் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லி, அடுத்த வாரம் மறக்காமல் எடுங்கள். ஆச்சியைப் பற்றிய கேள்வி உண்மையில் துக்கம். அதற்கு விளக்கம் சொல்லாமல் ஆச்சி எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள்.

முகாம்களில் விளக்கை மங்கலாக்கி, இசையை ஏற்றி, பிள்ளைகளை அழவைத்து, எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எண்ணுகிற வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அந்த ராத்திரியில் உண்மையாகவே தங்களை ஒப்புக்கொடுத்து, வாழ்நாள் முழுக்க அதில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்பதற்காக எழுந்த பிள்ளைகளையும், மறுமாதம் அந்த உணர்வு போனதும் கடவுள் என்னை விட்டுவிட்டார் என்று பயந்த பிள்ளைகளையும் தெரியும். பாவங்களை எல்லோர் முன்னாலும் சொல்லவைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு சாதியைப் பேசாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டப் பிள்ளைகள் கையில் கட்டுகிற வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்தக் கயிறு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை யார் யாரோடு உட்காருகிறார்கள், யாரைக் கேலிப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யார் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள் என்று பாருங்கள். ஏழாம் வகுப்பில் தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள் ஒன்பதாம் வகுப்பில் விலகுவார்கள், வீட்டில் யாரோ பேச ஆரம்பித்திருப்பார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிற நாம் இதைக் கண்டும் காணாமல் இருந்தால், நாம் போதிக்கிற எதையும் இந்தப் பிள்ளைகள் நம்ப வேண்டிய அவசியமில்லை. சிறு குழுக்களை நீங்களே பிரித்துவிடுங்கள். அவர்களைப் பிரியவிட்டால் தெருவாரியாகத்தான் பிரிவார்கள்.

இப்போது உங்களைப் பற்றி. நீங்கள் 24 வயது ஆண், அவர்களில் சிலருக்கு உங்களைவிடப் பத்து வயதுகூடக் குறைவில்லை. உங்களுக்கு அவர்களோடு நெருக்கம் வேண்டும், அந்த நெருக்கம் எப்போதும் நாலு பேர் கண்ணில் படுகிற நெருக்கமாக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும், பையனானாலும் பெண்ணானாலும், பூட்டிய அறையில் தனியாக இருக்காதீர்கள். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். வகுப்பு முடிந்து இருட்டிவிட்டது என்று ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டுக்குப் போன் செய்து ஆள் வரும் வரை இன்னொருவரோடு வாசலில் நில்லுங்கள். வாட்சப்பில் தனிச்செய்தி வேண்டாம், பெற்றோர் ஒருவரோ இன்னொரு பொறுப்பாளரோ இருக்கிற குழுவில் பேசுங்கள். ராத்திரி 11 மணிக்கு ஒரு பிள்ளை “அண்ணா தூங்கலையா” என்று அனுப்பினால், ஆபத்து ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டு, நாளை பேசலாம் என்று முடித்துவிடுங்கள். படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். உங்கள் மேல் ஒரு பெண்பிள்ளைக்கு ஈர்ப்பு வரலாம். அது அவள் வயதின் இயல்பு, அவளைக் கேலி செய்யாமல், ஊக்குவிக்கவும் செய்யாமல், உடனே உங்களோடு பணிசெய்கிற பெண்மணியிடம் சொல்லிவிடுங்கள். இந்த விதிகள் பிள்ளைகளைக் காக்கின்றன, உங்கள் பெயரையும் காக்கின்றன. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

பையன்களும் பெண்பிள்ளைகளும் பேசிக்கொள்வதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் சபையில் உண்டு. பேசட்டும். ஆலயத்தின் வெளிச்சத்தில் பெரியவர்கள் நடுவே பேசப் பழகாதவர்கள் வேறெங்கே பழகுவார்கள்? ஆனால் 18 வயதுக்குக் கீழே உடல் உறவுக்குச் சட்டம் சம்மதத்தை ஏற்பதில்லை, இருவரும் விரும்பினாலும் வழக்கு வரும் என்பதை ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆபாசப் படங்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். பையன்களிடம் ஆணும் பெண்பிள்ளைகளிடம் பெண்ணும், பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு.

முகாம், சுற்றுலா என்றால் பெற்றோரின் எழுத்து அனுமதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள நோய், மருந்து விவரம், ஆண் பெண் தனித்தனித் தங்குமிடம், தலை எண்ணுவதற்கென்றே ஒருவர், இவ்வளவும் இல்லாமல் வண்டி ஏறாதீர்கள். குற்றாலமோ மணப்பாடு கடற்கரையோ ஆறோ குளமோ, தண்ணீர் இருக்கிற இடத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

டியூஷனும் பரீட்சையும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகின்றன என்கிறீர்கள். அதோடு சண்டை போடாதீர்கள். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது அதன் பெரிய வேலை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச் வரை ஆலய அறையைப் படிக்கத் திறந்துவிட்டு, கணக்குத் தெரிந்த ஒரு கல்லூரி அண்ணனையோ அக்காவையோ உட்காரவைத்தால் அதுவும் ஊழியம்தான். பரீட்சை முடிவு வருகிற நாளில் குறைந்த மதிப்பெண் வாங்கிய வீடுகளுக்கு முதலில் போங்கள்.

இதையெல்லாம் செய்தால் பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைத்திருப்பார்களா? இதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன், தருகிறவர்களையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2002-இல் தொடங்கி, 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வில், பிள்ளைகளின் சமய வாழ்வை மிக அதிகமாகத் தீர்மானிப்பது பெற்றோர்தான் என்று வந்தது. அது அங்கே கண்டது, நம் குடும்ப அமைப்பு வேறு. ஆனாலும் நான் பார்த்தவரை இங்கேயும் அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிற பிள்ளைக்கு உங்கள் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் ஈடுகட்டாது. ஆனால் கத்தாமல் பேசுகிற, சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிற ஓர் ஆண் உலகத்தில் உண்டு என்பதை அவன் உங்களிடம் பார்ப்பான். அது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிக்கை வைத்துக் காட்ட முடியாது, கமிட்டி அறிக்கையிலும் வராது.

இந்த வாரத்துக்கு மூன்று காரியங்கள் சொல்கிறேன். முதலில் அந்தப் பையனைப் பாருங்கள். ஞாயிறு வரை தள்ளிப்போடாதீர்கள், அவன் சொன்னது ஆபத்தான வகை என்றால் இன்றைக்கே. அடுத்து ஐயரவாளிடம் போய், இந்த வகுப்பை என்னால் தனியாக எடுக்க முடியாது, பெண்பிள்ளைகளுக்கு நம்பிக்கையான ஓர் அக்காவோ அத்தையோ என்னோடு வேண்டும் என்று கேளுங்கள். ஆள் கிடைக்கும் வரை வகுப்பைத் திறந்த வராந்தாவிலேயே நடத்துங்கள். அப்புறம் துணைக்குக் கிடைத்த அவரோடு சேர்ந்து, வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போங்கள். “ஏன் வரவில்லை” என்று கேட்காமல், வீட்டில் கொடுக்கிற காபியைக் குடித்து, அவன் இப்போது என்ன விளையாடுகிறான், அவள் என்ன படிக்கிறாள் என்று பேசிவிட்டு வாருங்கள். பெற்றோரின் போன் எண்ணைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள். அந்தப் பையன் விஷயத்தில் எந்த வகை என்று உங்களுக்கே தெளிவில்லாமல் இருந்தால், விவரத்தை இங்கே எழுத வேண்டாம், 1098-இல் பெயர் சொல்லாமலே முதலில் கேட்டுப்பாருங்கள்.